கம்பத்தில் பெட்டி, கம்பெனியில் பாஸ்வேர்டு

"நெட் வரலையா? பவரைக் கூட்டு. அப்பவும் வரலையா? பெட்டியை மாத்து!" ரேடியோ பிரிட்ஜ் படுத்துக்கொள்ளும் ஊர்களில் சொல்லப்படும் வைத்தியம் இதுதான். இதனால் பிழைத்த இணைப்பைவிட ஏறிய பில்தான் அதிகம்.

சுந்தரர் பிறந்த திருநாவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டுபோவது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. சரி, ஊராட்சி அலுவலகம் வரை வந்தாயிற்று. வயல் தாண்டி இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு? அந்தச் சமவெளியில் பள்ளம் தோண்டுவதைவிட இரண்டு கம்பமும் இரண்டு ஆன்டெனாவும் மலிவு. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு 2018 முதலும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. சட்டம் தடுக்கவில்லை, நிலமும் தடுக்கவில்லை. பிறகு எது தடுக்கிறது?

பதில் தேனியில் இருக்கிறது. 2000களின் நடுவில், அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு வைஃபை கருவிகளை வைத்தே இணைத்தது பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு. கிராமத்து நோயாளிகள் வீடியோவில் டாக்டரிடம் பேசினார்கள். வைஃபை வீட்டுக்குள் ஓடச் செய்யப்பட்டது. ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ விநாடி ஆகும். தூரம் கூடினால் பதில் வருவதற்குள் கருவி பொறுமையிழந்து அதே தகவலை மறுபடி அனுப்பும். அந்தக் குழு நேரம் பங்கிட்டு அனுப்பும் முறையை எழுதி அதைச் சரிசெய்தது.

ஆனால் 2008இல் அவர்கள் வெளியிட்ட அனுபவக் கட்டுரை சொன்னது வேறு. பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் கரண்ட்! திடீரென எகிறும் வோல்டேஜில் அடாப்டர் எரிந்தது. வோல்டேஜ் இறங்கினால் போர்டு தொங்கியது. இன்னொரு பாடம், உள்ளூர் ஊழியர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் இணைப்பு நிலைக்காது என்பது.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில் அடாப்டரில் விளக்கு எரிகிறதா, வயர் மாறிச் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து பக்கத்துப் பெட்டிக்கு பிங், பிறகு எதிர்ப்பக்கப் பெட்டிக்கு, கடைசியில் ரவுட்டருக்கு. எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் நோய். சிக்னல் மெல்ல மெல்லக் குறைந்ததா? நடுவில் மரம் வளர்ந்திருக்கும். ஐந்து கிலோமீட்டர் இணைப்புக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், பாதி வழியில் நேர்கோட்டைச் சுற்றி ஐந்து மீட்டராவது காலியாக வேண்டும். எதிர்க் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. காற்றடித்த மறுநாள் ஒரேயடியாக விழுந்ததா? ஆன்டெனா திரும்பியிருக்கும். சிக்னல் நன்றாக இருந்தும் இழுக்கிறதா? பக்கத்தில் யாரோ அதே சேனலில் இருக்கலாம். அங்கே பவரைக் கூட்டினால், சந்தைக்கடையில் இன்னொருவர் கத்துவது மாதிரிதான்.

ஒரு பிளஸ் டூ மாணவி ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இது. ஆனால் கற்றாலும் என்ன செய்வாள்? பாஸ்வேர்டு காண்டிராக்டரிடம் இருக்கிறதே! "உள்ளூர் ஆள் கை வைத்தால் கெட்டுவிடும்" என்பார்கள். பார்க்க மட்டும் முடிகிற தனிக் கணக்கு கொடுக்கலாமே? செட்டிங்கை ஒரு பைலாகச் சேமித்து வைத்தால், கெட்டதைச் சில நிமிடத்தில் பழையபடி ஆக்கலாமே? கெட்டுவிடும் என்ற பயம் உண்மையில் பெட்டியைப் பற்றியதா, அடுத்த சர்வீஸ் பில்லைப் பற்றியதா?

ஊர்ப்பணத்தில் நிற்கும் கம்பத்தின் சாவி ஊரில் இருக்க வேண்டும். டெண்டரில் மூன்றே வரி போதும்: பாஸ்வேர்டும் செட்டிங் பைலும் ஒப்படைக்கப்பட வேண்டும், வோல்டேஜ் பாதுகாப்பு இருக்க வேண்டும், உள்ளூரில் இருவருக்குப் பயிற்சி தர வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நடப்படும் ஆன்டெனாவில் காக்கா உட்காரும். பிள்ளைகளுக்குப் பாடம் வராது.