பம்பு நின்ற பிறகு

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்துக்கு அருகே உள்ள சிகர்குண்டா தங்கச் சுரங்கத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயலை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனமே இதையும் நடத்தியது. 2001இல் இரண்டும் மூடப்பட்டன. அன்று ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே. தோண்டும் செலவு அதைவிட அதிகம். கணக்கு அத்தோடு முடிந்தது என்று டில்லி நினைத்தது. நிலத்தடி நீரின் கணக்கு அப்போதுதான் தொடங்கியது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து, வடஆற்காட்டிலும் சித்தூரிலும் இருந்து போன தமிழர்களும் தெலுங்கர்களும் 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை தங்கவயலைக் குடைந்தார்கள். ஊறும் நீரைப் பம்புகள் மேலே தள்ளிக்கொண்டே இருந்தன. பம்பு நின்றால் சுரங்கம் கிணறு மாதிரிதான். இறைத்த கிணறு முதலில் வேகமாக ஊறும். சுற்றுப்புற நீர்மட்டத்தை நெருங்க நெருங்கத் தயங்கும். நீர்மட்டம் ஏறுவதைக் கணிக்கும் மாதிரிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு வெற்றிடம், நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வருகிறது, எந்தச் சுரங்கம் எதோடு இணைந்திருக்கிறது: இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

ஆனால் வெற்றிடத்தை அளப்பதுதான் பெரும்பாடு. தாது எடுத்த இடங்களில் கருங்கல்லும் கான்கிரீட்டும் அடைத்தார்கள். எங்கே எவ்வளவு என்பது பழைய வரைபடங்களுக்குத்தான் தெரியும். நீர் சும்மாவும் ஏறுவதில்லை. பாறைப் பிளவுகளில் அழுத்தம் கூட்டி நிலத்தை அசைக்கிறது. மூடிய பிறகும் தங்கவயலில் பதிவான அதிர்வுகளை நீர் நிரம்புவதோடு தொடர்புபடுத்தியே ஆய்வாளர்கள் படித்தார்கள்.

தங்கவயலுக்குத் தொழிலறிவும் ஆட்களும் தந்த இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் இதே கதைதான். அங்கே வீல் ஜேன் தகரச் சுரங்கத்தின் பம்புகள் 1991இல் நிறுத்தப்பட்டன. 1992 ஜனவரியில் உலோகம் கலந்த அமில நீர் உடைத்துக்கொண்டு ஃபால் ஆற்றின் கழிமுகத்தைச் செந்நிறமாக்கியது. அதற்குப் பிறகுதான் கைவிட்ட சுரங்கங்களின் நீரைக் கணிக்கும் அறிவியலுக்கு அந்நாட்டில் மதிப்பு வந்தது. நாம் உடைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தங்கம் விலையேறிவிட்டது, சிகர்குண்டாவையும் தங்கவயலையும் மறுபடி திறக்கும் பேச்சு வருகிறது. திறப்பவர் முதலில் இறைக்க வேண்டியது பல ஆண்டுகளாகத் தேங்கிய நீரை. அதை எந்த ஏரியில் விடுவார்கள்? ஆழ்துளைக் கிணறுகள் வற்றும் குப்பத்து உழவர்கள் இதைக் கேட்டே தீருவார்கள். இறைக்கத் தொடங்குமுன் மூடிய சுரங்கக் குழிகளில் நீர்மட்டத்தை அளந்து, நீரின் தரத்தைச் சோதித்து, இரண்டையும் அரசு வெளியிட வேண்டும். பழைய வரைபடங்களையும் பம்பு ஏடுகளையும் கரையான் தின்பதற்குள் படியெடுக்க வேண்டும். அவற்றைப் படித்துச் சொல்லக்கூடிய முன்னாள் தொழிலாளர்கள் சிலர் இன்னும் தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.