ஒரு நாளைக்கு 96 விலை

எகனாமிக்ஸ் பேப்பர்ல சப்ளை கோடும் டிமாண்ட் கோடும் ஒரு இடத்தில் வெட்டும். படம் போட்டா மார்க் வந்துடும். ஆனா நம்ம நாட்டு மின்சாரச் சந்தையில், நாளைக்கான ஏலத்தில் அந்தப் படத்தை 96 தடவை போடணும். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் தனி விலை.

அந்த 96 விடையும் தனித்தனி இல்லை என்பதுதான் விஷயமே. மதியம் சோலார் கொட்டும், விலை இறங்கும். இருட்டினதும் விலை ஏறும். அனல் மின் நிலையத்தை மதியம் அணைத்துவிட்டு, சாயங்காலம் ஸ்விட்ச் தட்டி எழுப்ப முடியாது.

கோவை மாவட்டத்துக் கடம்பாறையைப் பாருங்க. 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றலாம், தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். இந்த மாதிரி நிலையங்களில் நாலு யூனிட் போட்டால் சுமார் மூணு யூனிட்தான் திரும்பும். அப்போ மதியம் யூனிட் 3 ரூபாய் என்றால், மாலையில் 4 ரூபாயைத் தாண்டினால்தான் ஏற்றுவதில் லாபம். இப்படிச் சேமிப்பு கூடக் கூட, இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். காலத்தைச் சேர்த்துப் பார்க்கும் சமநிலை இதுதான்.

அதனால், "இத்தனை மெகாவாட் சோலார் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் உடனே கை தட்டாதீங்க. ராத்திரி ஏழு மணிக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்க. நம்ம பவர் சிஸ்டம் லேபும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் டிஸ்பாட்ச் கணக்குப் போடுவதை விட்டு, 24 மணி நேரத்தையும் சேர்த்துப் போடட்டும். லேப்டாப்பே போதும்.