நாலு மணி உபதேசம்

அண்மையில் ஒரு பாடசாலையில் ஆசிரியர்களுக்கென ஒருநாட் கருத்தரங்கு வைத்தார்கள். எங்கள் சனிக்கிழமை விடுமுறையை விழுங்கிய அக்கருத்தரங்கின் பொருள், வாழ்வின் குறிக்கோளைக் கண்டடைவது எப்படி என்பது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் நல்ல நாவன்மை படைத்தவர். உலகில் வென்றவர் யாவரும் அதிகாலை நான்கு மணிக்கு எழுபவர்கள் என்றும், அந்த முதல் மணித்தியாலத்தைத் தமக்கென்றே ஒதுக்கிக் கொள்பவர்கள் என்றும், ஒவ்வொருவரின் வளர்ச்சியும் அவரவர் கையிலேயே இருக்கிறதென்றும் முழங்கினார். நமக்கு அடுத்த நாற்காலியிலிருந்த ஆசிரியை மெல்லச் சிரித்துக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகளாக அவர் நான்கு மணிக்குத்தான் எழுகிறார். எழுந்து தேங்காய் துருவி, இடியப்பம் பிழிந்து, சம்பல் இடித்து, மாமியாருக்கு மருந்தும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொதியும் கொடுத்து, ஆறரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறார். வெற்றி இன்னும் அவரைத் தேடி வரவில்லை.

இத்தகைய உபதேசங்களைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. இவற்றைக் கேட்டு வீடு திரும்புகின்றவர் தமது களைப்பையே தமது குற்றமாகக் கருதத் தொடங்குகிறார். சம்பளம் போதாமைக்கும், பஸ் வராமைக்கும், ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் அடைபட்டிருப்பதற்கும் அவருடைய மனவுறுதியின் குறைபாடே காரணமாகிவிடுகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்திய நாட்களை நாம் மறந்துவிடவில்லை. எரிவாயு வெற்றுருளைகளோடும் மண்ணெண்ணெய்க் கலன்களோடும் தெருவோரத்தில் விடியவிடிய நின்றவர்கள், அதிகாலையில் எழாத குற்றத்துக்காகவா அங்கே நின்றார்கள்?

இவ்வுபதேசம் புதியதுமன்று. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் இங்கிலாந்தில் ‘தன்னுதவி’ எனும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அரசியற் பொருளாதாரம் பற்றிய மார்க்ஸின் விமர்சன நூல் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். ஸ்மைல்ஸின் நூல் பிறந்த கதை சுவையானது. முன்னுரையில் அவரே அதனைச் சொல்கிறார். வட இங்கிலாந்து நகரமொன்றில் உழைப்பாளி இளைஞர் இரண்டு மூன்று பேர் குளிர்கால மாலைகளில் ஒன்றுகூடி, தாம் அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தனர். தொகை பெருகியது. அறை போதாமற் போகவே கோடையில் தோட்டத்திலிருந்து படித்தனர். நூறு பேரளவில் சேர்ந்ததும், முன்பு வாந்திபேதி நோயாளருக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்தனர். அவர்களிடையே பேச அழைக்கப்பட்டவரே ஸ்மைல்ஸ். கூடிப் படித்தவர்களின் கூட்டுமுயற்சியிலிருந்து முளைத்த நூலின் முகப்பில் இறுதியில் நின்றது ‘தன்’ என்ற சொல்தான். நமது பேச்சாளர் விற்கும் சரக்கின் மூலப்பொருளும், இப்படி, பிறர் சேர்ந்து விளைவித்ததே.

அந்த இளைஞர்களுக்கு மாலைப்பொழுது இருந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். அம்மாலைகளில் அவர்களுடைய வீட்டு அடுப்பருகே நின்றவர் யார் என்று முன்னுரை சொல்லவில்லை.

நம் நாட்டில் அதைத் தேடிச் செல்லவேண்டிய தூரம் அதிகமில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்திலே பெண்ணொருத்தி விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலையேறுகிறாள். மாலை வரை கொழுந்து பறிக்கிறாள். ஆண்களுக்குரிய வேலைகள் பலவும் பிற்பகலோடு முடிந்துவிடுவதுண்டு. 1984இல் போராட்டத்தின் பின் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. எனினும் சமமான சம்பளத்தோடு லயத்துக்குத் திரும்பும் இருவரில் ஒருத்தி மாத்திரம் மீண்டும் அடுப்பு மூட்டுகிறாள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமே வேலை என வரையறுத்தது. அடுப்படிக்கு அப்படியொரு சட்டம் எந்தச் சபையிலும் பிரேரிக்கப்பட்டதில்லை. தோட்டத்துப் பெண்ணிடம் சென்று, உன் வாழ்வின் குறிக்கோளை ஒரு தாளில் எழுதிவை என்று சொல்லும் துணிவு எவருக்கேனும் உண்டா?

இதுவரை எழுதியதை வாசித்து நம்மவர்கள் தலையசைப்பார்கள். இனி எழுதப் போவது அவர்களுக்கு உவப்பாயிராது.

தனிமனித வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதுமே அதனைப் பூர்ஷ்வா மாயை என்று கூறி நாம் ஒதுக்கிவிட்டோம். இந்த வாழ்க்கை இவ்வளவுதானா, நான் வேறு எதற்கும் உதவமாட்டேனா என்று நள்ளிரவில் ஒரு மனிதப்பிறவி தன்னைக் கேட்டுக்கொள்வது மாயையன்று. அக்கேள்வியோடு நம்மிடம் வந்தவர்களுக்கு நாம் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். அவர்கள் பேச்சாளரிடம் போனார்கள். பிழை யாருடையது?

மேலே குறிப்பிட்ட ஆசிரியையிடமே மீண்டும் வருவோம். 2021 ஜூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடினார்கள். ஒக்டோபர் வரை நீடித்த அப்போராட்டத்தில், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய்திறந்திராத இவர், தம் கோட்டத்து ஆசிரியர்களைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துப் பேசும் பொறுப்பை ஏற்றார். சுற்றுநிருபங்களைத் தேடிப் படித்தார். சம்பளப் படிநிலைகளைப் பற்றிச் சங்கத்தின் மூத்தவர்களையே திருத்துமளவுக்குத் தேர்ந்தார். அந்த மாதங்களில் அவர் முகத்தில் நாம் கண்ட தெளிவை எந்தக் கருத்தரங்கும் எவருக்கும் கொடுத்ததாக நாம் அறியோம். நோய்த்தொற்றுக் காலமாதலால் யாவும் வீட்டிலிருந்தபடியே நடந்தன. ஒரு கையில் அகப்பை, மறுகையில் தொலைபேசி.

போராட்டம் முடிந்தபின் கிளைச் செயலாளராக வருமாறு அவரைக் கேட்டோம். மறுத்துவிட்டார். கிளைக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. அந்நேரம் அவர் வீட்டில் இரவுச் சமையல் தொடங்கும் நேரம். அவருடைய கணவர் பிற்போக்கானவரென்று வாசகர்கள் எண்ணவேண்டாம். அவர் நமது நண்பர். இருபது ஆண்டாகக் கிளைக் கூட்டமொன்றையும் தவறவிடாதவர். பெண்விடுதலை பற்றி ஒன்றரை மணித்தியாலம் குறிப்பின்றிப் பேச வல்லவர். அவர் தவறாது வரமுடிவதும் இவர் ஒருபோதும் வரமுடியாததும் ஒரே காரணத்தாலேயே என்பதை அவரும் உணர்ந்ததில்லை, உடனிருந்த நாமும் நெடுங்காலம் உணர்ந்ததில்லை. நம் வீட்டிலும் அதே நேரத்தில் யாரோ ஒருவர் சோறு வடித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே சென்ற கூட்டத்தில் ஒரு பிரேரணையை முன்வைத்தோம். கூட்டத்தைப் பாடசாலை முடிந்த கையோடு நடத்தவேண்டும். அன்றைய இரவுச் சமையலைக் கிளையின் ஆண் உறுப்பினர்கள் தத்தம் வீட்டிற் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்றாரா என்பது வரவுப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே குறிக்கப்படவேண்டும். சிரிப்பு எழுந்தது. பின் கோபம் எழுந்தது. சம்பளப் போராட்டத்தைத் திசைதிருப்புகிறோமென்றார் ஒருவர். இது அவரவர் சொந்த வாழ்க்கை, அவரவர் மனம் வைத்துத் திருந்தவேண்டிய விடயம், சங்கம் தலையிடலாகாது என்றார் வேறொருவர். சனிக்கிழமைப் பேச்சாளரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார்.

பிரேரணை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அக்கூட்டமும் மாலை ஐந்து மணிக்கே.