படகில் முடிகிறது, மலையில் முடியாதா?



"மலைச் சரிவில் கக்கூஸ் கட்ட முடியாது. குழி தோண்டினால் பாறை. ஊற்றத் தண்ணீர் இல்லை." குரங்கணிக்கு மேலேயும் போடிமெட்டுக்கு அப்பாலும் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதலாளிமார் பலர் பாடும் பழைய பல்லவி இது. அவர்களுக்கு நாம் ஒரு படகைக் காட்ட விரும்புகிறோம்.

ஆலப்புழையைப் பாருங்கள்! ஒரு காலத்தில் நெல் சுமந்த கெட்டுவள்ளங்கள் இன்று கட்டிலும் ஏ.சி.யும் குளியலறையும் வைத்துக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் பணக்காரர்களைச் சுமக்கின்றன. படகுக்கு அடியில் தரை உண்டா? குழி தோண்ட இடமுண்டா? இல்லை. ஆனால் கக்கூஸ் உண்டு! கழிவு தண்ணீரில் விழாமல் பிடித்து வைக்கத் தொட்டி வேண்டும். நிறைந்ததும் கரையில் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். இதுதான் முறை. சில படகுக்காரர்கள் காயலிலேயே திறந்து விடுகிறார்கள் என்ற புகார் நெடுநாளாக உண்டு. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லாததல்ல, லாப வெறி!

கடலிலும் இதே கதைதான். 2003 செப்டம்பர் 27 முதல் நடப்புக்கு வந்த சர்வதேச விதிப்படி, பெரிய கப்பல்கள் சுத்திகரிக்காத மலக்கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கொட்டக் கூடாது. அதுவரை தொட்டியில் அடக்கி வைக்க வேண்டும்.

அந்தத் தொட்டி என்ன மந்திரப் பெட்டியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர் வேலை செய்யும் இடம். ஆளுக்கு நாளைக்கு 2 தடவை, தடவைக்கு 5 லிட்டர் என்றால் 200 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி 5 நாள் தாங்கும். துருப்பிடிக்காத, கசியாத கனத்த பிளாஸ்டிக் போதும். நிறைந்தால் ஒரு டன் எடை. படகில் அதைத் தாழ்வாக நடுவில் வைப்பார்கள், படகு சாயாமல் இருக்க. மலையில் சரிவைச் சமமாக வெட்டி, இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். உள்ளே சேரும் வாயு வெளியேற உயரமாக ஒரு குழாய். உறிஞ்சும் குழாயை மாட்ட ஒரு வாய், ஜீப்பு ரோட்டோரம் இருக்கட்டும். ஏலக்காய் மூட்டை இறங்குகிற ரோட்டில் மலக்கழிவு வண்டி ஏறாதா?

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது! மலத் தொட்டியில் மனிதனை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. பணம் வந்தாலும் உயிர் வருமா? இயந்திரமே உறிஞ்ச வேண்டும்.

"இது புதுக் கோரிக்கை" என்பார்கள். புதிதா? தொழிலாளர் எளிதில் போய்வரக்கூடிய இடத்தில் போதுமான கக்கூஸ் வேண்டுமென்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது! காகிதத்தில் கட்டிய கக்கூஸில் யார் உட்கார முடியும்?

போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் நம் பெண்களைக் கேளுங்கள். புதர் மறைவில் அட்டை, பாம்பு. சில இடங்களில் யானை. அதற்கு அஞ்சி, மாலைவரை தண்ணீர் குடிக்காமலே காய் எடுக்கிறார்கள். நீர்க்கடுப்பு வருகிறது, வைத்தியச் செலவு அவர்கள் கூலியிலிருந்தே போகிறது. ஆக, முதலாளி மிச்சம் பிடித்த தொட்டியின் விலையைக் கட்டுவது யார்? காய் எடுப்பவள்!

மில் தொழிலாளத் தோழரே, இது மலைக்காரர் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். குரங்கணி மலையின் ஓடைகள் கொட்டகுடி ஆற்றில் சேர்கின்றன. அந்த ஆறு போடிக்குத்தான் வருகிறது. மேலே புதரில் கிடப்பது மழையில் உங்கள் குடத்துக்கு வரும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: காய் எடுக்கும் இடத்துக்கு அருகே, பெண்களுக்குத் தனியாக, கதவும் தாழும் உள்ள கக்கூஸ், அடியில் கசியாத தொட்டி, முறைப்படி இயந்திரத்தால் சுத்தம், செலவு முதலாளியுடையது. சிறு தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து ஒன்று வைக்கட்டும்.

கேட்டால் கிடைக்குமா? 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அவர்களும் நம் சகோதரிகள்தான்.

உல்லாசப் பயணி ஓர் இரவு தங்கும் படகுக்குத் தொட்டி உண்டு. ஆயுள் முழுதும் மலையில் உழைப்பவளுக்கு ஏன் இல்லை? பதில் வரும்வரை கேட்போம்!