கழிவுப் பையைச் சுமக்கும் முதுகு

நேபாள அரசு திருத்திய மலையேற்ற விதிகள் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தென்கிழக்கு முகடு வழியாக எவரெஸ்ட் ஏறும் வெளிநாட்டவருக்கு இளவேனில் ராயல்டி 11,000 டாலரிலிருந்து 15,000 டாலர் ஆகிவிட்டது. இலையுதிர் காலத்துக்கு 5,500 இருந்தது 7,500. குளிர்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் 2,750 இருந்தது 3,750. பர்மிட் செல்லும் காலம் 75 நாளிலிருந்து 55 நாளாகச் சுருங்கியிருக்கிறது. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு உறுப்பினருக்கு ஒரு வழிகாட்டியாவது கட்டாயம். பேஸ் கேம்புக்கு மேலே கழிக்கும் மலத்தை மட்கும் பைகளில் கீழே கொண்டுவந்தாக வேண்டும். புதிய கட்டணத்தில் நடக்கும் முதல் இளவேனிலுக்குக் குழு சேர்ப்பவர்கள் இதற்குள் விலைப்பட்டியலை மாற்றி எழுதியிருப்பார்கள். இவ்விதழ் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் மூன்று விதிகளில் பெரிய சண்டை எதுவும் இல்லை. 2015-க்குப் பிறகு இந்த ஏற்றம் வரை ராயல்டி உயரவே இல்லை. ஆளுக்கு 40,000 டாலருக்கு மேல் செலவழித்து வருபவரை இந்த 4,000 டாலர் தடுக்கப்போவதும் இல்லை. கூட்டத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்றம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பர்மிட் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கச் சொல்லி நேபாள உச்ச நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. வந்து சேர்ந்திருப்பதோ விலையேற்றம். 55 நாள் போதும். அருகிலுள்ள லோபுசே கிழக்குச் சிகரத்தில் உயரத்துக்குப் பழகிக்கொண்டு வரும் குழுக்களுக்கு அது தாராளம். இரண்டுக்கு ஒன்று என்ற வழிகாட்டி விகிதமும் ஒழுங்கான நிறுவனங்களைத் தொடாது, அவை ஏற்கெனவே ஒன்றுக்கு ஒன்று என்றுதான் நடத்துகின்றன. மலிவு விலைக் குழுக்களின் பிடி மட்டும் கொஞ்சம் இறுகும். இறுகட்டும்.

நான்காவது விதிதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

பை கட்டாயம் என்பது எவரெஸ்ட் இருக்கும் கும்புப் பகுதிக்குப் புதிதல்ல. கும்பு பசாங் லாமு ஊரக நகராட்சி 2024 பருவத்திலேயே அதைக் கொண்டுவந்தது. சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு ஏறக்குறைய 8,000 பைகளை வாங்கி வந்து ஆளுக்கு இரண்டு வீதம் கொடுக்கத் திட்டமிட்டது. உள்ளே இருக்கும் தூள் கழிவை இறுக்கி நாற்றத்தை அடக்கிவிடும். ஒரு பையை ஐந்தாறு முறை பயன்படுத்தலாம். கேம்ப் 1 முதல் கேம்ப் 4 வரை மூன்று டன் மலம் கிடக்கும், அதில் பாதி சவுத் கோலில் என்பது அந்தக் குழு அப்போது சொன்ன மதிப்பீடு. 7,906 மீட்டர் உயரத்தில் எதுவும் மட்காது, மண்ணும் கிடையாது. போட்டது போட்ட இடத்தில் உறைந்து நிற்கிறது. 1979 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இது நடக்கிறது. ஆகவே விதி தேவைதான். பல ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

கழிவு கீழே வர வேண்டும் என்கிறது விதி. யார் முதுகில் வர வேண்டும் என்பதுதான் இவ்விதழின் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 250 கிராம் கழிக்கிறார், மேல் முகாம்களில் மொத்தம் இரண்டு வாரம் இருக்கிறார் என்று கொண்டால் ஆளுக்கு மூன்றரை கிலோ. 2023 இளவேனிலில் கொடுத்த பர்மிட்கள் 478. அதைவிடக் குறைத்து 400 உறுப்பினர், அவர்களுக்கு 400 மலைப் பணியாளர் என்று வைத்தாலும் 2,800 கிலோ. ஆளுக்கு 15 கிலோ வீதம் கட்டினால் 187 சுமை. மேல் முகாம்களுக்கு வழியான வெஸ்டர்ன் கூம் பள்ளத்தாக்கிலிருந்து பேஸ் கேம்புக்கு ஹெலிகாப்டரை விட்டால் நடக்கும் வழி ஒன்றுதான். அந்த 187 சுமையும் கும்பு ஐஸ்ஃபால் என்னும் உடைந்த பனிக்கட்டிச் சரிவுக்குள் இறங்கியாக வேண்டும்.

உறுப்பினர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்குவாரா? சிலர் இறங்குவார்கள், அவர்களுக்கு ஒரு வணக்கம். சிகரத்திலிருந்து கால் தள்ளாடத் திரும்பும் பலரோ தங்கள் தண்ணீர் பாட்டிலைக்கூடச் சுமப்பதில்லை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சாப்பிட்டவரே இலையை எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு, எடுக்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்ட பந்திதான் இது.

ஐஸ்ஃபாலின் சுமைக் கணக்கை இவ்விதழ் எழுப்புவது இது முதல் தடவை அல்ல. கடந்த பல பருவங்களில் இரண்டு போக்குகள் ஒன்றுக்கொன்று எதிராக நகர்ந்திருக்கின்றன. உறுப்பினர் ஐஸ்ஃபாலைக் கடக்கும் தடவைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உயரத்துக்குப் பழகும் ரொட்டேஷனை 6,119 மீட்டர் லோபுசே கிழக்கில் முடித்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே ஹைப்பாக்ஸிக் கூடாரத்தில் தூங்கிவிட்டு வருகிறார்கள். 2025 மே மாதம் செனான் வாயுவை முகர்ந்துவிட்டு வந்த நான்கு பிரிட்டிஷார் லண்டனை விட்டுக் கிளம்பி ஒரு வாரத்துக்குள் உச்சியில் நின்றார்கள். ஐஸ்ஃபால் ஆபத்தானது, அதனால் குறைத்துக்கொள்வோம் என்று உறுப்பினர்களுக்காக இந்தத் தொழில் எடுத்த முடிவு அது. சரியான முடிவு.

சுமை தூக்குபவருக்கு அந்தத் தர்க்கம் பொருந்தாமல் போனது எப்படி? கேம்ப் 2-இல் சாப்பாட்டுக் கூடாரம், சமையல் கட்டு, எரிவாயு என்று வசதி கூடக்கூட மேலே போகும் எடையும் கூடுகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனில் ஏறியவர்கள் இருந்தார்கள். இன்று 4 லிட்டர் சாதாரணம், அதற்கு மேலும் விலைக்குக் கிடைக்கிறது. ஓட்டம் இரட்டித்தால் சிலிண்டரும் இரட்டிக்கிறது; ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல். இவை அத்தனையும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும் பனிக்கட்டிகளுக்கு நடுவே, ஏணி ஏணியாக, இருட்டில் மேலே போகின்றன. இப்போது கீழே இறங்குவதற்கும் சட்டப்படி ஒரு சுமை சேர்ந்திருக்கிறது.

2014 ஏப்ரல் 18 அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, எவரெஸ்டின் மேற்குத் தோளிலிருந்து செராக் எனப்படும் பனிக்கட்டிப் பாளம் உடைந்து விழுந்தபோது ஐஸ்ஃபாலில் இறந்த 16 பேரும் நேபாளப் பணியாளர்கள். ஏணி ஒன்றின் அருகே நெரிசலில் காத்திருந்தவர்கள் அவர்களுள் பலர். மூன்று உடல்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. அரசு முதலில் அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 400 டாலர். பேஸ் கேம்பில் கொதிப்பு எழுந்து, பருவமே நின்றுபோன பிறகுதான் காப்பீடு 15 லட்சமாக உயர்ந்தது. 2015-இல் வழி தோளை விட்டு நடுப்பக்கமாக நகர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் 12 அன்று அதே ஐஸ்ஃபாலில் மேலும் மூன்று ஷெர்பாக்கள் பனிக்கட்டி சரிந்து புதைந்தார்கள். அவர்களும் சுமையோடு போனவர்கள்தாம்.

புதிய விதிகள் காப்பீட்டையும் உயர்த்தியிருக்கின்றன: உயர்மலை வழிகாட்டிக்கு 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் நேபாள ரூபாய், பேஸ் கேம்ப் பணியாளருக்கு 8 லட்சத்திலிருந்து 15 லட்சம். வரவேற்கலாம், ஆனால் டாலரில் மாற்றிப் பார்த்துவிட்டு வரவேற்க வேண்டும். அறிவிப்பு வந்த சமயத்து மதிப்பில் 20 லட்சம் என்பது 14,400 டாலர். உறுப்பினர் ஒருவரின் பர்மிட்டோ 15,000 டாலர். அதே மதிப்பில் பழைய 15 லட்சம் 10,800 டாலர், பழைய பர்மிட் 11,000. வழிகாட்டியின் உயிருக்குப் போட்ட தொகை, அவர் மேலே ஏற்றிவிடுபவரின் அனுமதிச் சீட்டின் விலையை விடக் குறைவாக இருப்பது பழைய விதியிலும் உண்மை, புதிய விதியிலும் உண்மை. அட்டவணையைத் தயாரித்தவர்கள் இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இல்லையா? பார்த்தும் பரவாயில்லை என்று விட்டார்களா? இரண்டில் எது மோசம் என்று சொல்வது கடினம். இந்தக் காப்பீட்டின் பிரீமியத்தைக்கூட அரசு கட்டுவதில்லை, குழுவை நடத்துபவர்தான் கட்டுகிறார். 400 பேர் வந்தால் 60 லட்சம் டாலர் ராயல்டியை வாங்கிக்கொள்ளும் கருவூலம், ஐஸ்ஃபாலில் ஓர் ஏணிக்குக்கூடப் பொறுப்பேற்பதில்லை. ஏணி கட்டும் ஐஸ்ஃபால் டாக்டர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, தானே குழுக்களிடம் தனியாக வசூலித்துக் கூலி கொடுக்கிறது. குழுவுக்கு ஒருவர் என்று படி வாங்கிக்கொள்ளும் அரசின் லியாசன் ஆபிசர்களில் எத்தனை பேர் பேஸ் கேம்பை எட்டிப் பார்க்கிறார்கள் என்று காத்மாண்டுவில் கேட்டால் சிரிப்புதான் பதில்.

எடையை வைத்து விதி எழுதுவது இந்த அரசுக்குப் பழக்கம் இல்லாத வேலை அல்ல. 4,000 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், ஆளுக்கு 8 கிலோ குப்பை கொண்டுவந்து காட்டித் திரும்பப் பெறலாம் என்ற விதி 2014-இலேயே வந்தது. எந்த முகாமின் குப்பை என்று அதிகாரிகள் கேட்கவில்லை. கீழ் முகாம்களின் குப்பையே தராசுக்கு வந்தது. கிழிந்த கூடாரங்களும் டப்பாக்களும் மேல் முகாம்களிலேயே தங்கின. தராசு எண்ணைக் காட்டியது, பணம் திரும்பியது. கழிவுப் பை விதியும் அந்த வழியிலேயே போகும் என்பதுதான் அச்சம்: கீழே எத்தனை பை வந்தது என்று எண்ணுவார்கள், எத்தனை பேர் எத்தனை முறை ஐஸ்ஃபாலுக்குள் போய் அதைக் கொண்டுவந்தார்கள் என்று எண்ணமாட்டார்கள்.

மாற்று வழி கண்ணெதிரே பறக்கிறது. 2024 ஏப்ரலில் டிஜேஐ நிறுவனத்தின் ஃப்ளைகார்ட் 30 ட்ரோன், பேஸ் கேம்புக்கும் கேம்ப் 1-க்கும் இடையே 15 கிலோவைச் சுமந்து போகவர 12 நிமிடத்தில் பறந்து காட்டியது. 2025 பருவத்தில் ஐஸ்ஃபால் டாக்டர்களுக்கு ஏணியும் கயிறும் ட்ரோனில் போயின, குப்பை இறங்கி வந்தது. மேலே சொன்ன 187 சுமை என்பது கேம்ப் 1-இலிருந்து 187 பறப்பு. காற்று அனுமதிக்கும் காலை நேரங்களில், இரண்டு எந்திரங்கள் சில வாரங்களில் முடித்துவிடும் வேலை. கேம்ப் 1-க்கு மேலே மனிதர்கள்தாம் சுமக்க வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் செராக் விழும் பகுதியை அந்தச் சுமை தவிர்த்துவிடும். கூலி குறையும் என்று பணியாளர்கள் கவலைப்படுவது நியாயமே. நடைக்குக் கூலி என்பதைப் பருவச் சம்பளமாக மாற்றினால் அதற்கும் வழி உண்டு. உயர்த்திய ராயல்டியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவோம் என்று ஒரு வரி எழுத அமைச்சகத்துக்கு என்ன தடை?

ஆகவே இவ்விதழின் நிலைப்பாடு இது. பை விதி நிற்கட்டும். அதனுடன், கேம்ப் 1-க்குக் கீழே கழிவு ட்ரோனில் மட்டுமே இறங்க வேண்டும், செலவு ராயல்டியிலிருந்து வர வேண்டும். பணியாளர் ஒவ்வொருவரும் ஐஸ்ஃபாலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பெயர், சுமை எடை, நேரத்தோடு பதிவாக வேண்டும். பருவ முடிவில் குழுவாரியாக அந்தக் கணக்கு வெளியாக வேண்டும். உயர்மலை வழிகாட்டியின் காப்பீடு, பர்மிட் கட்டணத்தின் மடங்காக டாலரில் நிர்ணயிக்கப்பட வேண்டும். ராயல்டி ஏறும்போது தானாக ஏறட்டும்.

அமைச்சகம் அசையும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. கடப்புப் பதிவுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேஸ் கேம்பில் பொறுப்பான ஒரு சர்தாரும் போதும். இந்த இளவேனிலில் குழு நடத்தும் வாசகர்கள் ஒப்பந்தத்திலேயே ஆக்சிஜன் சிலிண்டருக்கு உச்சவரம்பு வைக்கலாம், கேம்ப் 2 வசதிப் பட்டியலைப் பாதியாக வெட்டலாம், உறுப்பினர் தன் கழிவுப் பையைக் கேம்ப் 1 வரை தானே சுமப்பார் என்று ஒரு பிரிவு சேர்க்கலாம். பருவம் முடிந்ததும் கடப்புக் கணக்கை அனுப்பினால், உறுப்பினர் எத்தனை முறை, பணியாளர் எத்தனை முறை என்று இரண்டு பத்திகளாக, நிறுவனத்தின் பெயரோடு, இந்தப் பக்கங்களில் அச்சிடுவோம்.