எப்படி பேலன்ஸ் பண்றீங்க மேடம்?

டிவியில் நடிகை பேட்டி பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு ரொம்ப நாளா உண்டு. கல்யாணம் ஆன நடிகையா இருந்தா, புதுப்படத்தைப் பத்தி நாலு கேள்வி முடிஞ்சதும் தொகுப்பாளர் முகத்தை ஒரு மாதிரி கனிவா வெச்சுக்கிட்டு ஆரம்பிப்பார். "குழந்தைங்க, குடும்பம், நடிப்பு... எப்படி பேலன்ஸ் பண்றீங்க மேடம்?"

மேடமும் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. மாமியார் சப்போர்ட், கணவர் ரொம்ப புரிஞ்சுக்கிட்டவர், கடவுள் புண்ணியம். கைத்தட்டல். விளம்பர இடைவேளை.

இதே கேள்வியை ஒரு ஹீரோகிட்ட கேட்டு எத்தனை தடவை பார்த்திருக்கீங்க? மூணு பிள்ளை பெத்த ஹீரோவா இருந்தாலும் அவர்கிட்ட கேக்கிறது "சிக்ஸ் பேக் எப்படி சார் மெயின்டெய்ன் பண்றீங்க?"ங்கிறதுதான். அவரே வாய் தவறி "ஷூட்டிங் ஷூட்டிங்னு ஓடினதுல பசங்க வளர்ந்ததே தெரியலை"ன்னு சொன்னா அது உழைப்புக்குக் கிடைச்ச மெடல். அதையே ஒரு நடிகை சொன்னா, அடுத்த நாள் யூட்யூப் தம்ப்நெயில்ல "குழந்தையைத் தவிக்கவிட்ட..."ன்னு மூணு புள்ளி வெச்சுப் போடுவாங்க.

டிவிக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போக மாட்டேன். பதிவர் சந்திப்பெல்லாம் ஓஹோன்னு நடந்த காலத்தை நினைச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை முழுக்க பீச்சில் உக்காந்து போண்டா தின்ன ஆண் பதிவர்கிட்ட யாராவது "வீட்டுல குழந்தையை யார் பார்த்துக்கிறாங்க?"ன்னு கேட்டோமா? வந்த ஒண்ணு ரெண்டு பெண் பதிவர்கள்கிட்ட மட்டும் ரொம்ப அக்கறையா கேட்டோம்ல? அதே கேள்விதான் சாமி, மைக்கும் லைட்டும்தான் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். என் கட்சி இதுதான். இந்த 'பேலன்ஸ்'ங்கிற வார்த்தையே ஒரு ஏமாத்து வேலை. கயித்து மேல நடக்கிற கழைக்கூத்தாடிப் பொண்ணைப் பார்த்து "எப்படிம்மா விழாம நடக்கிறே?"ன்னு வியக்கிறோம். கயித்தை அவ்வளவு உயரத்துல கட்டினது யாருன்னு கேக்கிறதே இல்லை. இது வேலை நேரத்தைப் பத்தின பிரச்னை. பிள்ளையை யார் தூக்கறதுங்கிற பிரச்னை. அதை ஒரு பொம்பளையோட தனித்திறமை மாதிரி மாத்திக் காட்டத்தான் இந்தக் கேள்வி உதவுது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சூர்யா, ஜோதிகா கல்யாணம் 2006 செப்டம்பர். அப்போ ரெண்டு பேருமே உச்சத்துல இருந்தவங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே நடிச்சுக்கொடுத்த 'மொழி' மாதிரி படங்கள் 2007ல வந்தது. அதுக்கப்புறம் ஜோதிகா கதாநாயகியா திரும்பி வந்தது 2015ல, '36 வயதினிலே'. நடுவுல சூர்யாவுக்கு என்னென்ன வந்ததுன்னு எண்ணிக்கோங்க. வாரணம் ஆயிரம், அயன், சிங்கம், ஏழாம் அறிவு, மாற்றான், சிங்கம் 2, அஞ்சான்... இன்னும் இருக்கு. நான் சூர்யாவைக் குத்தம் சொல்லலை. ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவா இருக்கும், அது அவங்க வீட்டு விஷயம். ஆனா ஒரே வீடு, அதே ரெண்டு குழந்தைங்க. ஒருத்தரோட படப்பட்டியல்ல மட்டும் எட்டு வருஷ ஓட்டை. அந்த ஓட்டைக்கு நாம வெச்சிருக்கிற பேர் 'பிரேக்'. திரும்பி வந்தா 'ரீ-என்ட்ரி'. ஏதோ வெளிநாடு போயிட்டு விசா வாங்கிட்டு வந்த மாதிரி!

இன்னொண்ணு கவனிச்சீங்களா? '36 வயதினிலே' படத்தோட மலையாள மூலம் 2014ல வந்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ'. அதுல நடிச்ச மஞ்சு வாரியரும் 1999க்கு அப்புறம் அந்தப் படத்துலதான் திரும்பி வந்தாங்க. ஸ்ரீதேவி 1997ல 'ஜுதாயி'யோட ஒதுங்கி, பெரிய திரைக்கு நாயகியா திரும்பினது 2012ல 'இங்கிலிஷ் விங்கிலிஷ்'ல. மூணு பேரும் திரும்பி வந்து நடிச்ச பாத்திரம் என்ன? வீட்டையும் பிள்ளையையும் பார்த்துப் பார்த்துத் தன்னைத் தொலைச்ச அம்மா. உள்ளே வர்ற கதவே அந்த அளவுதான் திறக்குது. அதுலயும் '36 வயதினிலே'யைத் தயாரிச்சது சூர்யாவோட சொந்த 2டி நிறுவனம். வீட்டுக்காரருக்குத் தயாரிப்புக் கம்பெனி இல்லாத நடிகைகள் எந்தக் கதவைத் தட்டறது?

இப்ப ஒருத்தர் வருவார். "அவங்களே விரும்பித்தானே விட்டாங்க, உமக்கென்ன?" விரும்பித்தான். இல்லேங்கலை. ஆனா தமிழ் சினிமாவுல அம்பது அறுபது வருஷமா இந்த விருப்பம் ஒரே பக்கத்துக்கு மட்டும் வருதே, அது எப்படிங்க? கல்யாணமானதும் "இனி பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்"னு மார்க்கெட் உச்சத்துல விரும்பி விலகின ஒரு ஹீரோ பேரைச் சொல்லுங்க. பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு.

அடுத்து, இந்த பேலன்ஸை உண்மையில தாங்கினது யாருன்னு பார்ப்போம். ஜெயலலிதா 1999ல சிமி கரேவாலுக்குக் கொடுத்த பேட்டியைப் பார்த்திருப்பீங்க. அரசியலை விடுங்க. அதுல அவங்க சின்ன வயசைப் பத்திச் சொல்ற ஒரு இடம் இருக்கு. அம்மா சந்தியா சென்னையில நடிச்சுக்கிட்டிருக்காங்க. குழந்தை பெங்களூர்ல தாத்தா பாட்டிகிட்ட. அம்மா எப்பவாவது வந்தா, திரும்பிப் போயிடுவாங்களேன்னு புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே தூங்குமாம் குழந்தை. உருவினா முழிச்சுக்கும். அதனால அம்மா மெதுவாப் புடவையையே கழட்டிவிட்டு எழுந்து போவாங்களாம். அம்மாவோட சகோதரி அந்தப் புடவையைத் தன் மேல சுத்திக்கிட்டு அதே இடத்துல படுத்துக்குவாங்களாம்.

நடிப்பையும் குடும்பத்தையும் பேலன்ஸ் பண்றதுன்னா என்னன்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. அக்கா தங்கச்சி ஒருத்தர் எழுந்து போக, இன்னொருத்தர் அந்த இடத்துல போய்ப் படுத்துக்கிறது. சந்தியாவுக்கு முன்னாடியே சினிமாவுக்கு வந்தவங்க அவங்களோட இன்னொரு சகோதரி வித்யாவதி. ஆக, ஒரு சகோதரி தொழிலுக்கு வழி காட்டினாங்க. இன்னொரு சகோதரி குழந்தைக்கு அம்மா வாசனையைக் காட்டினாங்க. அந்தச் சகோதரிக்கு 1958ல கல்யாணம் ஆச்சு, குழந்தை சென்னைக்கு வந்துடுச்சு. அதாவது அந்த ஒரு மனுஷி நகர்ந்ததும் ஏற்பாடு முடிஞ்சுபோச்சு. டைட்டில் கார்டுல அவங்க பேர் எந்தப் படத்துலயும் வரலை.

அண்ணன் தங்கச்சி பாசத்துக்கு நம்ம சினிமா ஊத்தின கண்ணீர் கொஞ்சமா? 1961ல 'பாசமலர்', 1978ல 'முள்ளும் மலரும்', 1993ல 'கிழக்குச் சீமையிலே', 2021ல 'உடன்பிறப்பே' வரைக்கும் அழுதிருக்கோம். திரையில அண்ணன் தங்கச்சிக்காக உயிரைக் கொடுப்பார். திரைக்கு வெளியில ஒரு நடிகையோட தங்கச்சியோ அண்ணியோ பால் பாட்டில் கழுவி, ஸ்கூல் வேன் ஏத்தி, ஜுரத்துக்கு ராத்திரி முழிச்சிருப்பாங்க. அதுவும் உடன்பிறந்த பாசம்தான். அதை வெச்சுப் படம் ஓட்ட முடியாதுங்கிறதால யாரும் எடுக்கிறதில்லை. கூட்டுக் குடும்பத்தைப் புகழ்ந்து நாம எழுதற பதிவெல்லாம் அந்த மாதிரி நாலு பொம்பளைங்களோட சம்பளமில்லாத டூட்டியைத்தான் புகழுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

நிற்க. பாசத்தை நம்பித் தொழில் நடக்கக்கூடாது. வேலை நேரத்தை நம்பித்தான் நடக்கணும். ஆபீஸ்ல வேலை பார்க்கிற பெண்ணுக்கு, 2017 திருத்தத்துக்கு அப்புறம், முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. அம்பது பேர் வேலை செய்யற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும். 2025 நவம்பர்ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தப்புறமும் இந்த 26 வாரம் மாறலை. எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதான்னா அது வேற பஞ்சாயத்து. கேட்கவாவது ஒரு சட்டம் இருக்கு. படத்துக்குப் படம் ஒப்பந்தம் போட்டு நடிக்கிறவங்களுக்கு? பட்டுப் பாய் விரிக்க வேணாம், இன்னிக்கு எத்தனை மணிக்கு பேக்கப்னு ஒரு உறுதி கொடுக்கலாம்ல?

2025ல தீபிகா படுகோன் எட்டு மணி நேரம்தான் வேலைன்னு கேட்டதா செய்தி வந்ததும் என்ன ஆட்டம் ஆடினாங்க! அவங்களுக்குக் குழந்தை பிறந்தது 2024 செப்டம்பர்ல. கேட்டது ஒரு கைக்குழந்தையோட அம்மா. "திமிரு", "கமிட்மென்ட் இல்லை" என்னென்னவோ பேச்சு. அக்‌ஷய் குமார் எட்டு மணி நேர வேலை, ஞாயிறு லீவுன்னு பல வருஷமா பேட்டியில சொல்லிக்கிட்டிருக்கார். அதுக்கு நாம வெச்ச பேர் ஒழுக்கம். ஆண் நட்சத்திரங்கள் இப்படித்தான் வேலை பார்க்கிறாங்க, அது செய்தியாகலையேன்னு தீபிகாவே அப்புறம் கேட்டாங்க. பதில் சொன்னவங்க யாரையும் நான் பார்க்கலை.

"தயாரிப்பாளர் நிலைமை தெரியுமா? செட் வாடகை, காம்பினேஷன் டேட், ஒரு நாள் போனா பல லட்சம்"னு சினிமா தெரிஞ்ச நண்பர்கள் சொல்வாங்க. நியாயமான வாதம்தான். ஆனா காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்கு ஹீரோ பன்னெண்டு மணிக்கு வந்த கதைகளை நாம ரசிச்சு ரசிச்சு எழுதியிருக்கோமே, அப்போ செட் வாடகை ஏறலையா? தாமதத்தைத் தாங்கற பட்ஜெட், ஆறு மணிக்குக் கிளம்பற அம்மாவைத் தாங்காதா?

இதைவிட விசித்திரம் ஒண்ணு இருக்கு. குழந்தை நட்சத்திரங்களுக்கு இப்போ தெளிவான விதி இருக்கு. 2016 சட்டத் திருத்தம், 2017 விதிகள்படி ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது. மூணு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம நிறுத்தக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல நடிக்க வைக்கக்கூடாது. வருமானத்துல 20 சதவீதம் குழந்தை பேர்ல வங்கியில போடணும். ரொம்ப நல்ல விதி. ஆக, கேமரா முன்னாடி நிக்கிற குழந்தைக்கு நேரம் குறிச்சாச்சு. அந்தக் காட்சியில அம்மாவா நடிக்கிறவங்களோட சொந்தக் குழந்தை வீட்டுல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதே, அதுக்கு?

"கோடி கோடியா வாங்கறாங்க, நாலு ஆயா வெச்சுக்கட்டுமே" - இது கடைசி அஸ்திரம். கோடி வாங்கறவங்க எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிடலாம். மத்தவங்க சீரியல்ல நாத்தனாரா வர்றவங்க, ஹீரோயின் தோழி, கல்யாண சீன்ல பின்னாடி நிக்கிற துணை நடிகை. தினசரிப் பேட்டா வாங்கறவங்க. கேரளாவுல 2017ல அமைச்ச ஹேமா கமிட்டியோட அறிக்கை 2024 ஆகஸ்ட்ல வெளியில வந்ததே, படிச்சீங்களா? படப்பிடிப்பு இடத்துல கழிவறை இல்லாததால தண்ணியே குடிக்காம இருக்கிற பெண்களைப் பத்தி அதுல இருக்கு. பாத்ரூமுக்கே வழியில்லாத இடத்துல பிள்ளைக்குப் பால் கொடுக்க ரூம் எங்கேர்ந்து வரும்? இவங்ககிட்ட போய் "எப்படி பேலன்ஸ் பண்றீங்க மேடம்?"னு யாரும் கேட்டதே இல்லை. கேட்டா பதில் கேவலமா இருக்கும், நமக்கு.

அதனால சினிமா எழுதற பதிவுலக மக்களுக்கு என் கோரிக்கை:

1. 'ரீ-என்ட்ரி', 'செகண்ட் இன்னிங்ஸ்' மாதிரி வார்த்தைகளை மூட்டை கட்டுங்க. வேலைக்குத் திரும்பினாங்கன்னு எழுதினாப் போதும்.

2. அடுத்த தடவை ஹீரோவைப் பேட்டி எடுக்க வாய்ப்பு கிடைச்சா, "உங்க பையன் எந்த கிளாஸ் சார், கிளாஸ் டீச்சர் பேர் என்ன?"ன்னு கேளுங்க. பதில் வந்தா சந்தோஷம். வராட்டி அதை அப்படியே போடுங்க.

3. கேள்வியைத் தயாரிப்பாளர் பக்கம் திருப்புங்க. எத்தனை மணிக்கு பேக்கப்? கேரவன் இல்லாதவங்களுக்கு எத்தனை கழிவறை? குழந்தையோட வர்றவங்களுக்கு ஒரு ஓரம் இருக்கா?

4. நடிகைகிட்ட நடிப்பைப் பத்திக் கேளுங்க. அவங்க தொழில் அதுதான்.

டிஸ்கி: 'குடும்ப குத்துவிளக்கை வெளியே இழுக்கிறார்'னு பின்னூட்டம் போடப்போற அனானிக்கு முன்கூட்டியே பதில். நடுவீட்டுல விளக்கு நல்லாத்தான் எரியுது தலைவரே. எண்ணெய் ஊத்தறது யாருன்னுதான் கேக்கறேன்.