“தற்காலிகம்” என்னும் நிரந்தரம்!

நறுவிலிக்குளத்து உழவரைக் கேளுங்கள்: குளக்கட்டு ஒரே இரவில் உடைவதில்லை. முதலில் ஒரு நண்டுவளை. பின்பு ஒரு கசிவு. “சிறு துளைதானே” என்று வாளாவிருந்தவரின் வயலையும் வெள்ளம் விடுவதில்லை. இந்நாட்டில் தனிமனித சுதந்திரமும் இவ்வாறே துளைக்கப்பட்டது. துளைத்த கருவியின் பெயர் “தற்காலிகம்”!

1947இல் பிரித்தானியர் விட்டுச்சென்ற பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1961இல் கச்சேரி வாயில்களில் அறவழி நின்ற சத்தியாக்கிரகிகள் மீது ஏவப்பட்டது. தலைவர்கள் பனாகொடையில் அடைக்கப்பட்டனர். ஆயினும் அவசரகால நிலையை மாதந்தோறும் நீடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறு வெட்கமும் 1979இல் அகன்றது.

அவ்வாண்டு நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்துக்கு ஆயுள் மூன்றே ஆண்டுகள் என்றனர். 1982இல் அந்த ஆயுள் வரம்பை நீக்கினர். தலைப்பிலிருந்த “தற்காலிக” என்ற சொல்லை மட்டும் நீக்கவில்லை! என்னே நேர்மை!

இதன் நஞ்சு எங்குள்ளது? பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் கைதிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்பது நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. அடித்து வாங்கிய வாக்குமூலம் மன்றேறாதிருக்கவே அவ்விதி. 1979ஆம் ஆண்டுச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன் அளித்த ஒப்புதலை ஏற்கலாம் என்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிரூபிக்கும் சுமையையும் கைதியின் தலையிலேயே ஏற்றியது. தனியறையில் அடிபட்டவன் சாட்சிக்கு யாரை அழைப்பான்? சுவரையா? இதற்குமேல், அமைச்சரின் கட்டளையொன்றே ஒருவரைப் பதினெட்டு மாதம் தடுத்துவைக்கப் போதுமாயிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பன்னிரண்டாகக் குறைத்தது; ஒப்புதல் விதியைத் தொடவில்லை.

“தமிழ் இளைஞருக்குத்தானே” என்று அன்று தெற்கு அயர்ந்திருந்தது. 2020 மே மாதம் நமது மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். அவரது “நவரசம்” கவிதை நூலில் தீவிரவாதம் இருப்பதாகப் பொலிஸார் கண்டுபிடித்தனராம்! பத்தொன்பது மாதங்களின் பின்னரே பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. கவிதை படிக்கத் தெரியாதவர் கையில் சட்டம் இருந்தால் இதுதான் கதி. 2022இல் அதே கதவு சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேக்கும் திறந்தது.

மாற்றுச் சட்டம் எப்பெயரில் வந்தாலும் நாம் முதலில் பார்க்கவேண்டியது தலைப்பையன்று. ஒப்புதல் பற்றிய பிரிவு என்ன சொல்கிறது? தடுப்புக் கட்டளையில் ஒப்பமிடுபவர் நீதிபதியா, அமைச்சரா? நம் தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோர் இவ்விரண்டுக்கும் விடை சொல்லட்டும்.